சிறுவர் புத்தகம் சிறுவருக்கு மட்டுமா?

ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளில் பள்ளி நூலகப் பீரோவைத் திறந்து ஐந்தாறு புத்தகங்களை எடுத்துப் பையில் வைத்தேன். "வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார் உடன் வேலை பார்க்கும் மூத்த ஆசிரியர். நான் படிக்கத்தான் சார் என்றேன். "ஏழாங்கிளாஸ் புள்ளைங்க படிக்கிறதைப் படிச்சு நமக்கு என்ன ஆகப்போவுது? பாடப்புத்தகம் இருக்கு, பயிற்சி குடுக்குறாங்க. லீவுல நிம்மதியா இருங்க" என்றார்.

அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் இதே பேச்சைப் பல ஆசிரியர் அறைகளில் கேட்டுவிட்டேன். சிறுவர் நூல் ஆசிரியருக்குத் தேவையில்லை, கல்வி பற்றிய நூல்கள் நம் வகுப்புக்கு ஒத்துவராது, பிள்ளைகள் எப்படியும் படிக்கப்போவதில்லை, விடுமுறை ஓய்வுக்கானது, படித்தாலும் தேர்ச்சி கூடிவிடாது. இவற்றில் ஓய்வு பற்றிய பேச்சில் மட்டும் நியாயம் உண்டு. மற்றவற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். மரப்பாச்சிப் பொம்மை ஒன்று சிறுமியோடு பேசுகிறது. அந்தப் பேச்சின் வழியே, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிக் கதை பேசுகிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பொம்மைக் கதை என்று ஒரு மாணவியிடம் கொடுத்துவிடலாம். அவள் படித்துவிட்டு மறுநாள் என் மேசையருகே வந்து, எதுவும் பேசாமல் நின்றால்? அந்த நாவலைப் படிக்காத ஆசிரியை, "முடிச்சிட்டியா, அடுத்ததை எடுத்துக்கோ" என்று அனுப்பிவிடுவாள். படித்தவள் கையிலுள்ள வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைப்பாள். இப்படியொரு குற்றம் தெரியவந்தால் புகார் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098. சட்டத்தையும் எண்ணையும் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஒரு சின்னப் பிள்ளை அதைச் சொல்ல முடியாமல் எத்தனை நாள் தவிக்கும், எங்கே தொடங்கி எங்கே நிறுத்திக்கொள்ளும், யார் முகத்தைப் பார்த்துப் பயப்படும் என்றெல்லாம் நான் யோசித்தது அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வையும் மறுபடி படித்தேன். அவரும் ஆசிரியர். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவியின் கதையை ஓர் ஆசிரியை சொல்கிறாள். பி.எட். படித்த காலத்தில் படித்தபோது ஆயிஷாவுக்காக அழுதேன். பதினெட்டு வருடம் பாடம் எடுத்த பிறகு இந்த மே மாதம் படித்தபோது, அவளை வாயடைக்கும் ஆசிரியர்களின் குரலில் என் குரலும் கேட்டது. நான் பிரம்பு எடுப்பதில்லை. ஆனால் "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடுத்த பாடத்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் சொன்னேன். உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தப் பதற்றம் தெரியாது. தான் கேட்டது தப்பு என்று மட்டும் தெரியும்.

பயிற்சி போதும் என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்க விரும்புகிறேன். பயிற்சியில் எப்போதாவது உங்களைப் பற்றி உங்களுக்கே வருத்தம் வந்ததுண்டா? எனக்கு வந்ததில்லை.

கல்வி நூல்கள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எடுபடாது என்கிறார்கள். குஜராத்தின் பாவ்நகரில் வாழ்ந்த கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞராக இருந்து கல்விக்கு வந்தவர்; 1939-இல் மறைந்தார். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் கேட்டு நான்காம் வகுப்பை ஓர் ஆண்டுக்கு வாங்குகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்தப் போகிறார்; வகுப்பு கூச்சலில் மூழ்குகிறது; பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் அவர் பக்கம் திரும்புகிறார்கள். திட்டம் போட்டுக்கொண்டு போய் முதல் மணியிலேயே தோற்கும் அந்த ஆசிரியரைவிட நமக்கு நெருக்கமானவர் யார்?

வெளிநாட்டு நூலாகவே இருந்தாலும்தான் என்ன? இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிற்றூர். அங்கே பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர், தங்களைத் தேர்வில் தோற்கடித்த ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967-இல் நூலாக வந்தது. தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற தலைப்பில் படிக்கலாம். மருத்துவர் வீட்டுப் பிள்ளை எளிதாக மேலே போகிறான், உழவர் வீட்டுப் பிள்ளை நின்றுவிடுகிறான் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நம் ஊரில் எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி உண்டு. ஒன்பதில் தவறி, அப்படியே பள்ளிப் பக்கம் வராமல் போனவர்களின் முகங்களை எண்ணிப் பார்த்தால், கடிதத்தின் விலாசதாரர் யாரென்று புரிந்துவிடும். அந்த நூல் என்னைக் கோபப்படுத்தியது. வகுப்பின் பாரம், மேலிடத்து நெருக்கடி எதுவுமே இந்தப் பையன்களுக்குத் தெரியவில்லையே என்று ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதில் பாதியை அழித்தேன்.

பிள்ளைகள் செல்போனை விட்டு வரமாட்டார்கள் என்பதற்குப் பெரிய பதில் வேண்டாம். பல பள்ளிகளில் புத்தகம் தொலைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயத்தில் நூலகப் பீரோ பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து, "இதை நான் படிச்சேன், மூணாவது அத்தியாயத்துல எனக்கு ஒண்ணு புரியல, யாராச்சும் படிச்சுட்டு வந்து சொல்றீங்களா" என்று கேட்டுப் பார்த்த பிறகு பேசலாம்.

இனி ஓய்வு. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கை, தேர்தல் வந்தால் அந்தப் பணி என்று மே மாதத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம். ஆசிரியை என்றால் அதிலும் பாதி அடுப்படிக்குப் போய்விடும். அதனால் கோடை வாசிப்பு கட்டாயம், ஒவ்வொரு நூலுக்கும் அறிக்கை அனுப்புக என்று சுற்றறிக்கை வந்தால் முதலில் எதிர்ப்பவள் நானாகத்தான் இருப்பேன். படிவம் நிரப்பப் படிப்பவருக்கு அந்தப் பென்சில் சண்டை வாய்க்காது. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து, வெக்கைக்கு வாசல் கதவைச் சாத்திவிட்டு, நூறு பக்கச் சிறுவர் நாவலோடு தரையில் படுப்பதும் ஓய்வுதானே?

கடைசியாகத் தேர்ச்சி விழுக்காடு. நான் படித்ததால் என் வகுப்பின் மதிப்பெண் கூடியது என்று சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜப்பானின் தெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளிப் பருவத்தை எழுதிய 'டோட்டோ-சான்' நூலில், தலைமையாசிரியர் கோபயாஷி புதிதாகச் சேர வந்த சிறுமியை உட்காரவைத்து, அவள் பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்பார். அதைப் படித்துவிட்டுப் போன வருடம் ஜூனில், தினமும் ஒரு பிள்ளையிடம் பத்து நிமிடம், குறுக்கே பேசாமல் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் முறை வந்தது. பத்து நிமிடமும் தன் வெள்ளாட்டைப் பற்றியே பேசினான். வியாழக்கிழமை சந்தையில் ஆடுகளைப் பிடித்துக்கொள்ள அப்பாவுக்கு ஆள் இல்லை என்பது அந்தப் பேச்சின் நடுவே வந்தது. மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, அவன் வராத நாட்களைப் பின்னோக்கித் தேடினேன். எல்லாம் வியாழக்கிழமைகள்.