டிகிரி கிடைத்தது... அமீனா எங்கே?

கடன் கொடுத்து ஏமாந்த வியாபாரிக்குத் தெரியும், வழக்கில் ஜெயிப்பது ஒன்று, பணம் கல்லாவுக்கு வருவது வேறு என்று. வருடக்கணக்கில் கோர்ட் படியேறி டிகிரி வாங்க வேண்டும். பிறகு நிறைவேற்று மனுப் போட வேண்டும். அமீனா போக வேண்டும். அதற்குள் எதிராளி சொத்தை மச்சான் பெயருக்கு மாற்றாமல் இருக்க வேண்டும்! உலகத்தின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் போஸ்னிய முஸ்லிம்கள் பட்ட பாடும் இதுதான்.

1993 மார்ச் 20 அன்று, சரயேவோ நகரம் முற்றுகையில் பசித்துக் கிடந்த வேளையில், போஸ்னியா தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை யூகோஸ்லாவியா (அதாவது செர்பியா) மீறுகிறது என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றமும் தாமதிக்கவில்லை. ஏப்ரல் 8 அன்றே இடைக்கால உத்தரவு பிறப்பித்தது: இனப்படுகொலையைத் தடுக்க யூகோஸ்லாவியா தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டும். செப்டம்பர் 13இல் அதையே மறுபடியும் வலியுறுத்தியது.

உத்தரவு தாளில் இருந்தது. துப்பாக்கி செர்பியர் கையில் இருந்தது. போஸ்னியர்களின் கையிலோ, ஆயுதம் வாங்கக் கூடாது என்ற 1991ஆம் ஆண்டின் ஐ.நா. தடை இருந்தது!

அதே ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஸ்ரெப்ரெனிட்சாவை 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. அந்தப் பெயரை நம்பி அங்கே குவிந்த மக்களைக் காக்க டச்சு வீரர்கள் சில நூறு பேர். 1995 ஜூலை 11 அன்று ராட்கோ ம்லாடிச்சின் படை ஊருக்குள் நுழைந்தது. பெண்களும் குழந்தைகளும் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். சிறுவர்கள், முதியவர்கள் உட்பட 8,000க்கும் மேற்பட்ட ஆண்கள் சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். குழிகளைப் பின்னர் புல்டோசரால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள் கயவர்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. மரபணுச் சோதனையில் அடையாளம் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு ஜூலை 11ஆம் தேதியும் பொடோச்சாரி மையவாடியில் ஜனாஸா தொழுகை நடக்கிறது. இதுவரை 6,700க்கும் அதிகமானோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எல்லா எலும்புகளும் கிடைக்கட்டும் என்று காத்திருந்து, கடைசியில் கிடைத்தவரை அடக்கம் செய்த தாய்மார்களும் உண்டு.

வழக்கின் தீர்ப்பு 2007 பிப்ரவரி 26இல் வந்தது. பதினான்கு ஆண்டுகள்! ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலையே என்றது நீதிமன்றம். ஆனால் அதைச் செய்தது செர்பிய அரசு அல்ல (13க்கு 2). உடந்தையாகவும் இல்லை (11க்கு 4). தடுக்கும் கடமையில் தவறியது (12க்கு 3). ம்லாடிச்சைப் பிடித்து ஒப்படைக்கவும் தவறியது (14க்கு 1). நஷ்டஈடு? கிடையாது. சரயேவோ முற்றுகையும் ஒமர்ஸ்கா முகாமும் கொடுமைகள்தாம், ஆனால் ஓர் இனத்தையே அழிக்கும் நோக்கம் அங்கே நிரூபணமாகவில்லை என்றார்கள்.

இந்த இடத்தில் நம் மனம் ஆறவில்லை. செர்பிய உச்ச பாதுகாப்பு மன்றத்தின் கூட்டக் குறிப்புகளில் முக்கியப் பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. முழுக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று போஸ்னியா கேட்டது. நீதிமன்றம் உத்தரவிடவில்லை. கணக்குப் புத்தகத்தை மறைத்து வைத்திருப்பவனிடம் அதைக் கேட்காமலேயே, உன் மேல் கடன் நிரூபணமாகவில்லை என்று சொல்வது என்ன நியாயம்? நீதிமன்றத்தின் துணைத் தலைவரான ஜோர்டான் நாட்டு நீதிபதி அல் கஸாவ்னே இதைக் கண்டித்து மாற்றுத் தீர்ப்பே எழுதினார்.

ஆனாலும், 'எல்லாம் கண்துடைப்பு' என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லும் நம் இளைஞர்கள் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்று பெல்கிரேடில் விடுதலை கிடைத்ததாகவே பேசினார்கள். ஆனால் 'ம்லாடிச்சை ஒப்படைக்கவில்லை' என்ற ஒரு வரி அவர்கள் கழுத்தில் தொங்கியது. செர்பியாவுக்கு ஐரோப்பியச் சந்தை வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் வேண்டும். ம்லாடிச் வரும்வரை கதவு திறக்காது என்று நெதர்லாந்து பிடிவாதமாக நின்றது. விளைவு? மாற்று மருத்துவர் வேடத்தில் உலவிய கராட்ஜிச் 2008இல் பெல்கிரேடில் பிடிபட்டார். 2011 மே மாதம் ம்லாடிச்சும் அகப்பட்டார். அடுத்த ஆண்டே செர்பியா வேட்பாளர் நாடு ஆனது! மனசாட்சி செய்யாததை வியாபாரம் செய்தது. அரசுகளை விசாரிக்கும் இந்த நீதிமன்றத்துக்கும் தனிமனிதர்களை விசாரித்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்துக்கும் வித்தியாசம் உண்டு. அந்தத் தீர்ப்பாயத்தின் வழக்குகளில் இருவருக்கும் ஆயுள் தண்டனை உறுதியானது, 2019இலும் 2021இலும்.

பிடிவாதம் பிடித்த நெதர்லாந்தும் தப்பவில்லை. தம்மிடம் தஞ்சம் புகுந்த 350 ஆண்களை டச்சு வீரர்கள் வெளியே அனுப்பிய குற்றத்துக்காக, ஸ்ரெப்ரெனிட்சா தாய்மார்கள் அந்நாட்டுக் கோர்ட்டிலேயே வழக்காடினார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குப் பத்து சதவீதப் பொறுப்பு உண்டு என்றது. ஒரு உயிரின் விலையில் பத்து சதவீதம் என்று எப்படித்தான் கணக்குப் போட்டார்களோ!

மறுப்பு மட்டும் ஓயவில்லை. 2010இல் செர்பிய நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது, 'இனப்படுகொலை' என்ற சொல்லை விட்டுவிட்டு. 2015இல் அந்தச் சொல்லோடு பாதுகாப்புச் சபைக்கு வந்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோவால் கொன்றது. கடைசியில் 2024 மே 23 அன்று ஐ.நா. பொதுச் சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக அறிவித்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 68. நீதிமன்றமே முடிவு சொன்ன விஷயத்தில் 68 நாடுகளுக்கு என்ன நடுநிலையோ?

தடுக்கும் கடமை பற்றி 2007 தீர்ப்பு சொன்னது இன்னும் முக்கியமானது. கொலைகாரன் மீது செல்வாக்கு உள்ள அரசு, ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து தன்னால் முடிந்ததைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதுவே குற்றம். ரோஹிங்கியாக்களுக்காக 2019இல் சிறிய காம்பியாவும், காஸாவுக்காக 2023 டிசம்பர் 29இல் தென்னாப்பிரிக்காவும் அதே 1948 ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அதே கோர்ட்டுக்குப் போயின. 2020 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் இடைக்கால உத்தரவுகள் வந்தன. 1993ஐப் போலவே அமீனா வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய இடம் பாதுகாப்புச் சபை, அங்கே வீட்டோ காவல் இருக்கிறது.

இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கும் ஜெர்மனி மீது 2024 மார்ச்சில் நிகரகுவா தொடுத்த வழக்கிலும் இந்தத் தடுக்கும் கடமைதான் பேசப்பட்டது. ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் ஆயுதத்தை நிறுத்த உத்தரவிட மறுத்தது. ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்ற ஜெர்மனியின் கோரிக்கையையும் ஏற்கவில்லை. ஆயுதம் கொடுக்கும் நாடுகளுக்கு அவற்றின் கடமையை நினைவூட்டிவிட்டு, வழக்கைக் கோப்பில் நிறுத்தி வைத்தது.