காற்றை உதைக்காத ராக்கெட்



விடுமுறை நாட்களில் நம் சிறார்களுடன் வீட்டில் செய்து பார்க்கத்தக்க சிறு சோதனைகளைப் பற்றி இப்பகுதியில் எழுதி வருகிறேன். இம்முறை என் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே அகமதாபாதில் உத்தராயணப் பட்டங்கள் ஓய்ந்த மறு ஞாயிறன்று, மணிநகரில் ஒரு நண்பர் இல்லத்தில் நம்மவர் பிள்ளைகள் எண்மர் கூடினர். சன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை நூல் கட்டி, அந்நூலில் குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றைக் கோத்து, ஊதிய பலூனை அக்குழலோடு ஒட்டினோம். வாயைப் பிடித்திருந்த விரலை எடுத்ததும் பலூன் சீறிக்கொண்டு மறுமுனைக்குப் பாய்ந்தது. எப்படி என்று பிள்ளைகள் வினவ, "உள்ளிருந்து வரும் காற்று வெளிக்காற்றை உதைக்கிறது, அந்த உதையால் பலூன் முன்னே செல்கிறது" என்று தயங்காமல் விடையிறுத்தேன்.

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "நிலவுக்குப் போகிற வழியில் காற்றே கிடையாதே, மாமா! சந்திரயான் எதை உதைத்துக்கொண்டு போயிற்று?" என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். நான் கூறியது தவறு. இத்தவற்றில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு என்பது ஒன்றே ஆறுதல். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் காடார்டு, ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்கும் என்று எழுதியபோது, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் 1920 சனவரியில் தலையங்கம் தீட்டி அவரை எள்ளி நகையாடியது. உதைப்பதற்குக் காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எங்ஙனம் செல்லும் என்பதே அதன் வாதம். 1926 மார்ச்சு 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைக் காடார்டு பறக்கவிட்டார். அஃது எழுந்த உயரம் 41 அடிதான். அவர் 1945இல் மறைந்தார். நாளிதழோ 1969 சூலை 17 அன்று, அப்போலோ-11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! நான் ஒரு வாரமே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறன்று பிள்ளைகளை மீண்டும் அழைத்து, "சென்ற வாரம் நான் சொன்னது பிழை" என்றேன். குசராத்தி இல்லங்களில் ஊஞ்சல் இல்லாத வீடு அரிது. நண்பர் வீட்டிலும் ஒன்று உண்டு. அச்சிறுமியைக் கால் தரையில் படாதவாறு அதில் அமர்த்தி, ஆட்டம் நின்றபின், தலையணை ஒன்றை எதிரே நின்ற தந்தையிடம் வீசச் சொன்னேன். ஊஞ்சல் இலேசாக அசைந்தது. பின்னர் ஐந்து கிலோ துவரம்பருப்புப் பையை வீசினாள். ஊஞ்சல் நன்றாகவே பின்னோக்கிச் சென்றது. தலையணை பெரிது, காற்றை மிகுதியாகத் தள்ளும். பருப்புப் பை சிறிது. காற்றை உதைப்பதுதான் காரணமெனில் தலையணையே வென்றிருக்க வேண்டுமன்றோ? "அப்போது நான் உதைத்தது காற்றை இல்லை, பருப்பை!" என்று கூவினாள். அவள் பருப்பைத் தள்ள, பருப்பு அவளைத் தள்ளிற்று. 'ரியாக்ஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு சிறுவன் கேட்டான். 'எதிர்வினை' என்றேன். வீட்டில் உணவு வேளையில் மட்டுமே தமிழ் கேட்கும் பிள்ளைகள் அவர்கள்; அன்று மாலைவரை அச்சொல்லைக் கூவிக்கொண்டே ஒருவரையொருவர் தள்ளி விளையாடினர்.

அதன்பின் திடலுக்குச் சென்று தண்ணீர் ராக்கெட் செய்தோம். சோடா வகைப் பானங்கள் வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியே இதற்கு உரியது. கண்ணாடி கூடவே கூடாது. புட்டியின் வாய்க்கு இறுகப் பொருந்தும் இரப்பர்த் தக்கையில், கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை மறுபுறம் முனை தெரியும்படி செருகுக. புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் நிரப்பித் தக்கையை அடைத்து, செங்கற்களுக்கிடையே தலைகீழாக நிறுத்தி, நீண்ட குழாயுள்ள சைக்கிள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். பம்பு அடிப்பவர் பெரியவராக இருத்தல் நன்று. பிள்ளைகள் பத்தடிக்கு அப்பால் நிற்கட்டும். கிளம்பாத புட்டியின்மேல் குனிந்து பார்ப்பது ஒருவருக்கும் ஆகாது. பட்டாசு மருந்தைக் கொண்டு ராக்கெட் செய்யும் எண்ணம் எவருக்கேனும் இருப்பின் அடியோடு விட்டொழியுங்கள்.

முதலில் நீரின்றி வெறுங்காற்றோடு விட்டோம். புட்டி சிறிதே துள்ளி விழுந்தது. நீரோடு விட்டபோது வேப்பமரத்தையும் தாண்டிற்று. வீசும் பொருள் கனமானால் எதிர்வினையும் மிகும் என்பதை எவரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுகொண்டனர்.

உண்மை ராக்கெட் நீருக்குப் பதிலாக எரிந்த வாயுவை வீசுகிறது. எரிப்பதற்கு வேண்டிய ஆக்சிசனையும் தானே சுமந்து செல்கிறது. 2023 சூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ஏவூர்தியின் எடை சுமார் 640 டன். சந்திரயானோ 4 டன்னுக்கும் குறைவு. மற்றதில் பெரும்பகுதி வழியெல்லாம் வீசியெறிவதற்கென்றே சுமந்தது. இக்கணக்கைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே மறுத்தனர்.

இந்நகரத்துப் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் ஒன்றும் உண்டு. இங்கே பிறந்து, 1947இல் இங்கேயே இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவிய விக்ரம் சாராபாய்தான், காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்து, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழக் காரணமானவர். மீனவர் சிற்றூரின் மாதாகோவிலே அந்நாளில் அலுவலகம். ராக்கெட்டின் முனைப்பகுதியைச் சைக்கிளில் கொண்டு செல்லும் அக்காலத்துப் படத்தைக் காட்டியதும், எங்கள் சைக்கிள் பம்பின் மதிப்பு சற்றே உயர்ந்தது.

மூன்றாம் முறை விட்ட புட்டி, மரத்தில் எஞ்சியிருந்த பட்டநூலில் சிக்கி அங்கேயே தங்கிவிட்டது. நான்காவது புட்டியில் முக்கால்பங்கு நீர் நிரப்ப வேண்டுமென்று அச்சிறுமி வற்புறுத்தினாள். நீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இம்முறை வாய் திறக்கவில்லை. புட்டி ஆளுயரம் எழும்பி என்னை முழுக்க நனைத்துவிட்டுச் சாய்ந்தது. "பாதி நிரப்பினால்?" என்றாள் உடனே.