சாமையின் நிறமும் கேமரா நிறுவனத்தின் மென்பொருளும்

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் ஒரு பன்மய மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது; 2004இல் வெளியான விதிகள், ஊர்மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பதே அக்குழுவின் முதன்மைப் பணி என்று குறிப்பிட்டன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் ‘நாடு’ என்ற பெயரோடு வழங்கும் ஊராட்சிகளுள் ஒன்றான பெரக்கரை நாட்டுக்கும் இக்கடமை உண்டு. பதிவேட்டில் பயிர்கள், மூலிகைகள், கால்நடைகள், அவற்றைப் பற்றிய வழக்காற்று அறிவு ஆகியவை எழுத்தில் இடம்பெறுகின்றன. எழுத்துக்குத் துணையாகப் படங்களும் சேர்கின்றன. அந்தப் படங்களில் தெரியும் நிறம் எங்கே, யாரால் முடிவு செய்யப்படுகிறது என்ற கேள்வி தொழில்நுட்பக்காரர்களின் தனிக் கவலையாகத் தோன்றலாம். ஆனால் பொதுப்பணத்தில் உருவாகும் ஓர் ஆவணத்தின் நம்பகத்தன்மையே அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகப் பயிரிட்டுவந்த சிறுதானிய வகைகளை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஆவணப்படுத்தி வந்துள்ளது. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, செந்தினை என்று நீளும் அவ்வகைகளைப் பிரித்தறிய உழவர்கள் கதிரின் அமைப்பு, விளையும் காலம் ஆகியவற்றோடு மணியின் நிறத்தையும் ஓர் அடையாளமாகக் கொள்கின்றனர். சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதால் சிறுதானியப் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்ட மலை இது. இன்று படமெடுக்கப்படும் ஒரு வகை இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் படமெடுக்கக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கடல்மட்டத்துக்குமேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் காலை மூடுபனியின் ஒளி நீலம் பாய்ந்திருக்கும். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அது பச்சை சாயும். ஒரே கதிரை இவ்விரண்டு இடங்களில் வைத்துப் படமெடுத்தால் இரண்டு நிறங்களில் தெரிவது இயல்பு.

இச்சிக்கலைத் தீர்க்க உதவுவதே ரா கோப்பு. கேமராவின் ஒளியுணரிக்கு நிறம் தெரியாது. தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். கோடாக் நிறுவனத்தின் அறிவியலாளர் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒவ்வொரு படப்புள்ளியின்மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தின் வடிகட்டி மட்டும் அமைகிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்புவது, அன்றைய ஒளியில் வெண்மையாகக் கருத வேண்டியது எது என்று தீர்மானிக்கும் வெண்சமநிலையைப் பொருத்துவது, நிறத்தையும் மாறுபாட்டையும் கண்ணுக்கு இயல்பாக்குவது ஆகிய வேலைகளைக் கேமராவே முடித்து, ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளாகச் சுருக்கித் தருவது ஜேபெக் படம். இவ்வேலைகளில் எதையும் செய்யாமல், ஒளியுணரி அளந்த எண்களை 4,096 அல்லது 16,384 படிநிலைகளோடு அப்படியே சேமித்துவைப்பது ரா கோப்பு. கழுவப்பட்டு இன்னும் பிரிண்ட் போடப்படாத நெகட்டிவுக்கு அதை ஒப்பிடலாம். ஆனால் நெகட்டிவை வெயிலில் தூக்கிப்பிடித்தால் யாரும் பார்த்துவிடலாம். ரா கோப்பைப் படமாக்க அதன் உள்ளமைப்பை அறிந்த மென்பொருள் தேவை.

அத்தகைய மென்பொருளைக் கேமரா நிறுவனங்களே தருகின்றன: கேனனின் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ், ஒலிம்பஸ் வழிவந்த ஓஎம் வொர்க்ஸ்பேஸ், ஃபுஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ. தொழில்முறைப் படக்கலைஞர்களிடையே இவற்றுக்கு மதிப்புக் குறைவு. மெதுவானவை, கையாளக் கடினமானவை என்ற குறை தொடர்ந்து சொல்லப்படுகிறது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஆவணப்படுத்தும் பணிக்கு இவை தரும் இரண்டு நன்மைகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது, நிறத்தின் ஒழுங்கு. கேமராவில் தேர்ந்த நிற அமைப்பு, லென்சின் குறைகளைச் சரிசெய்யும் அளவுகள், பதிவான வெண்சமநிலை ஆகிய அனைத்தையும் நிறுவனத்தின் மென்பொருள் முழுமையாகப் படிப்பதால், களத்தில் கேமராத் திரையில் பார்த்த நிறத்துக்கும் மேசைக் கணினியில் காணும் நிறத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. பிற மென்பொருள்கள் அந்தந்தக் கேமராவுக்கென்று தாமே உருவாக்கிய நிறக்கணக்கைப் பயன்படுத்துவதால் அவற்றில் படம் வேறாகவே திறக்கும். ஃபுஜிஃபில்மின் ஏற்பாடு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: கேமராவை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, உருமாற்றக் கணக்கைக் கேமராவின் செயலியே போடும்படி செய்கிறது. இரண்டாவது நன்மை விலை. அடோபி நிறுவனம் 2013இல் கிரியேட்டிவ் கிளவுட் வழியாகச் சந்தா முறைக்கு மாறிய பிறகு, மாதந்தோறும் பணம் கட்டும் வசதியற்ற ஊராட்சிக்கும் பள்ளிக்கும் சிறு தொண்டு நிறுவனத்துக்கும், கேமரா வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒரு பெரிய உதவி. பதிவேட்டுப் பணியில் இறங்கும் ஒருவர் முதலில் நாட வேண்டியது கேமராவோடு வரும் மென்பொருளையே.

முதல் கருவியாக நல்லதாக இருப்பது ஒரே திறவுகோலாக ஆகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. 2005இல் நிக்கான் தன் டி2எக்ஸ், டி2எச்எஸ் கேமராக்களின் ரா கோப்புகளில் வெண்சமநிலைத் தகவலை மறைகுறியாக்கியது. போட்டோஷாப்பைத் தன் சகோதரரோடு உருவாக்கியவரும் அடோபியின் ரா மென்பொருளை எழுதியவருமான தாமஸ் நால் அதை வெளிப்படையாக எதிர்த்தார். மறைகுறியை உடைப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணாகுமோ என்ற அச்சமும் அடோபிக்கு இருந்தது. தகுதியுள்ள நிரலாளர்களுக்குத் தன் மென்பொருள் தொகுப்பைத் தருவதாக நிக்கான் விடையளித்தது. டிசிரா என்ற சிறு நிரலை 1997 முதல் தனியொருவராக எழுதி இலவசமாக வெளியிட்டுவந்த டேவ் காஃபின் அந்த மறைகுறியை விடுவித்ததால் பிற மென்பொருள்களுக்கும் வழி பிறந்தது. இங்கே கருத வேண்டியது, மறைக்கப்பட்ட தகவல் எது என்பது. மூடுபனியில் எடுத்த ஒரு கதிரின் மணி வெள்ளையா, பழுப்பா என்று தீர்மானிக்கும் வெண்சமநிலையே அது. படம் எடுத்தவருக்கு உரிய தகவலை, அவர் விலைகொடுத்து வாங்கிய கருவியின் உற்பத்தியாளர் பூட்டிவைத்ததற்கு நியாயம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

பூட்டாமல் விட்டாலும் காலம் பூட்டிவிடுவதுண்டு. நிக்கான், நிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கேப்சர் என்எக்ஸ் மென்பொருளை 2006இலும் அதன் இரண்டாம் பதிப்பை 2008இலும் விற்பனைக்கு விட்டது. படத்தின் ஒரு பகுதியைச் சுட்டி அதன் நிறத்தை மட்டும் திருத்தும் வசதி அதில் இருந்தது. திருத்தங்கள் ரா கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டன. 2012இல் நிக் சாஃப்ட்வேரைக் கூகுள் வாங்கியது. 2014இல் நிக்கான் இலவசமாக வெளியிட்ட கேப்சர் என்எக்ஸ்-டி வேறோர் அடித்தளத்தில் எழுதப்பட்டதால், பழைய மென்பொருளில் செய்த திருத்தங்களை அது அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பு அழியவில்லை, படமும் திறந்தது. ஆனால் ஒருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்த நிறத்திருத்தம் புதிய கருவிக்குக் கைமாறவில்லை. இத்தனைக்கும் நிக்கான் இன்றும் இயங்கும் நிறுவனம். கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே விட்டு விலகியது. சாம்சங் பின்னாளில் சத்தமில்லாமல் வெளியேறியது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 தொடக்கத்தில் வேறு கைக்கு மாறியது. தொழிலை விட்ட நிறுவனம், இனி வரப்போகும் இயங்குதளங்களுக்கு ஏற்பத் தன் பழைய மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இயங்குதளம் பற்றிய மற்றொரு தடையும் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் மாணவர் கைக்கு வந்தது. மேலே குறிப்பிட்ட கேமரா நிறுவனங்களின் மென்பொருள்களோ விண்டோஸ், மேக் ஆகிய இரண்டுக்கு மட்டுமே எழுதப்படுகின்றன. லினக்ஸில் ரா கோப்பைத் திறக்க உதவும் டார்க்டேபிள், ரா தெரப்பி போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு நிறுவனங்களின் வடிவ விவரங்கள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு புதிய கேமரா வந்ததும் அதன் கோப்பைத் தன்னார்வலர்கள் பகுத்தாய்ந்து, அதன் அமைப்பைத் தாங்களே கண்டுபிடித்து எழுத வேண்டியிருக்கிறது. உலகெங்கும் ஊதியமின்றி நடக்கும் இந்த உழைப்பு, நிறுவனங்கள் சில பக்க விவரக்குறிப்பை வெளியிட்டால் பெரும்பாலும் தேவைப்படாது.

2004இல் அடோபி அறிமுகப்படுத்திய டிஎன்ஜி வடிவம் இதற்கு ஒரு மாற்று. அதன் விவரக்குறிப்பு யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. லைக்கா, பென்டாக்ஸ் ஆகியவை அதைக் கேமராவிலேயே தருகின்றன, ஆண்ட்ராய்டு கைபேசிகளும் ரா படங்களை அதில் சேமிக்கின்றன. கேனன், நிக்கான், சோனி ஆகிய மூன்றும் தங்கள் முதன்மைக் கேமராக்களில் தத்தம் சொந்த வடிவத்தையே பேணிவருகின்றன. அவற்றின் கோப்புகளை டிஎன்ஜியாக மாற்றிக்கொள்ள முடியும் என்றாலும், மாற்றிய கோப்பை நிறுவனத்தின் மென்பொருள் திறக்காது. முன்னர்ச் சொன்ன நிற ஒழுங்கு அத்தோடு கைநழுவிப்போகிறது. ஆகவே மூலத்தை அழித்துவிட்டு டிஎன்ஜியை மட்டும் வைத்துக்கொள்வது சரியான வழியாகாது.

தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எண்ணிமமாக்கியது, பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவோடுதான். அத்திட்டம் தனக்கு ஒப்படைக்கப்படும் படங்களை, எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராமல் திறக்கக்கூடிய டிஃப் வடிவில் கேட்கிறது. கொல்லிமலை ஊராட்சியின் பதிவேட்டுக்கும் அதே கவனம் பொருந்தும்; செலவும் பெரிதல்ல. ரா கோப்பை அப்படியே காக்கலாம். நிறுவனத்தின் மென்பொருளில் நிறத்தைச் சரிசெய்து ஒரு டிஃப் படத்தை உருவாக்கி அதனோடு சேர்க்கலாம். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில் மாற்றப்பட்டது என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். ஒவ்வொரு பயிரின் முதல் படத்திலும் ஒரு சாம்பல்நிற அட்டையைக் கதிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், நடுநிலையான சாம்பல் எது என்பது படத்துக்குள்ளேயே பதிவாகிவிடுகிறது. வருங்காலத்தில் எந்த மென்பொருள் அதைத் திறந்தாலும் வெண்சமநிலையைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஊராட்சியால் முடியாதது ஒன்று உண்டு: நிறுவனங்களை வடிவ விவரங்களை வெளியிடச் செய்வது. அது அரசால் முடியும். 2010ஆம் ஆண்டின் மின் ஆளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை, அரசுத் தரவுகள் உரிமக் கட்டணமற்ற திறந்த வடிவங்களில் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்பட்டது. வனத்துறை, தொல்லியல் துறை, வேளாண் பல்கலைக்கழகம், பல்லுயிர் வாரியம் ஆகியவை பொதுப்பணத்தில் கேமராக்களை வாங்குகின்றன. அந்தக் கொள்முதல் ஒப்பந்தங்களில், ரா கோப்பின் முழு விவரக்குறிப்பு வெளியிடப்பட்டிருக்க வேண்டும் அல்லது கேமரா டிஎன்ஜியில் சேமிக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பதிவேடுகள் காலந்தோறும் திருத்தி எழுதப்பட வேண்டியவை என்பதால், அடுத்த திருத்தத்துக்கான தொழில்நுட்ப வழிகாட்டலிலேயே மாநிலப் பல்லுயிர் வாரியம் இந்த நிபந்தனையையும் சாம்பல் அட்டையையும் சேர்த்துவிடலாம்.