ஐம்பதில் வளையாதா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் பழமொழி. பிள்ளைகளை அடக்கச் சொன்ன இம்மொழியைக் கொண்டு பெரியவர்கள் தங்களையே அடக்கிக்கொண்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அறுபத்து நான்கு வயதில் ஓவியக் கல்லூரி மாணவியான ஒருவரைப் பற்றிக் கேளுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியான நெல் இர்வின் பெயின்டர் 1942இல் பிறந்தவர். (பெயரிலேயே ஓவியர் இருக்கிறார், கையில் தூரிகை வரத்தான் காலம் பிடித்தது.) பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியையாக விளங்கினார். அடிமையாய்ப் பிறந்து, விடுதலைக்காகக் குரல் கொடுத்த சோஜர்னர் ட்ரூத்தின் வாழ்க்கையை 1996இல் நூலாக எழுதினார். ட்ரூத் அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூக்குக் கண்ணாடியும் கையில் பின்னல் நூலுமாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு, அந்தப் படங்களை விற்று வாழ்க்கை நடத்தினார். தன்னை உலகம் எப்படிக் காண வேண்டும் என்பதை எழுத்தின்றியே சொல்லிவிட்டார்! அப்படங்களை ஆராய்ந்த பேராசிரியையின் மனம் ஓவியத்தின்பால் திரும்பியது.

ஓய்வு பெற்றபின் பேத்தி வயதுப் பிள்ளைகளோடு முதலாண்டு வகுப்பில் அமர்ந்தார். 2009இல் இளங்கலைப் பட்டமும், 2011இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இடையில், “நீங்கள் ஒருநாளும் கலைஞர் ஆக முடியாது” என்ற பொருளில் ஆசிரியர் ஒருவரே கூறியதுண்டு. அவர் படிப்பை விடவில்லை. 2018இல் அந்த அனுபவங்களை நூலாகவும் எழுதினார்.

நம் நாட்டிலும் கவியரசர் தாகூர் அறுபது வயதுக்கு மேல்தான் ஓவியத்தில் முழுமூச்சாய் இறங்கி, 1930இல் பாரிசில் கண்காட்சி வைத்தார். ஆனால் தாகூருக்குச் சாந்திநிகேதன் இருந்தது; பேராசிரியைக்கு ஓய்வூதியம் இருந்தது. ஆலங்குடியில் அடுப்படியைவிட்டு நகர நேரமில்லாத தாய்க்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஒரு புள்ளி பிசகாமல் வாசலில் சிக்குக் கோலம் இழுக்கும் கை இருக்கிறதே! காகிதமும் ஒரு மணி நேரமும்தான் அதற்குக் கிடைக்கவில்லை.

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களை 1916இல் தம் நூலில் குறிப்பிட்டவர் புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர். வரலாற்றாசிரியருக்குக் கண்ணும் வேண்டும் அல்லவா? நானோ மாணவிகளை அங்கே அழைத்துச் சென்று எந்த நூற்றாண்டு என்று கேட்டிருக்கிறேன். தாமரைக் குளத்து மீன் எப்பக்கம் நீந்துகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாடம் முடியவில்லை என்று ஓவிய வகுப்பைக் கடன் வாங்கிய ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. வாங்கிய கடனைத் திருப்பியதும் இல்லை.

வரும் ஆண்டு விழாக் கண்காட்சியில் மாணவிகளின் படங்களுக்கு அருகில் அன்னையரின் படங்களுக்கும் ஒரு மேசை ஒதுக்குமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களை வேண்டுகிறேன். ஓவிய வகுப்பை இனிமேல் கேட்க மாட்டேன்.