ஓட்டம் ஒரு நாள். சிகிச்சை மூன்று ஆண்டு

சென்னையில் 2023 ஆகஸ்ட் 6 அன்று நடந்த கலைஞர் நூற்றாண்டுப் பன்னாட்டு மாரத்தானுக்கு 73,206 பேர் பதிவுசெய்தார்கள். அது படைத்த கின்னஸ் சாதனை பேசப்பட்ட அளவுக்கு, வசூலான பதிவுக் கட்டணம் எங்கே போனது என்பது பேசப்படவில்லை. 3 கோடியே 42 லட்சம் ரூபாய்க்கும் அதிகமான அந்தத் தொகை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் நோயாளிகளுடன் வருவோர் தங்கும் விடுதிக்காக அளிக்கப்பட்டது. புற்றுநோயுள்ள குழந்தைகளுக்காக ஓட்டம் நடத்த விரும்பும் எந்த ஊரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

பாதியில் நிற்கும் சிகிச்சை

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. செல்வ நாடுகளில் அவர்களில் 80%க்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் பிழைப்போர் 30%க்கும் குறைவு. மருந்துத் தட்டுப்பாட்டோடு, நோய் தாமதமாகத் தெரியவருவதும் தொடங்கிய சிகிச்சை பாதியில் நிற்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மையம் எழுந்த மாநிலம் தமிழ்நாடு. மருத்துவ அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. சிக்கல் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான சாலையில் இருக்கிறது.

வடலூர்ப் பக்கம் முந்திரி உடைக்கும் தாய், நெய்வேலியில் ஒப்பந்தக் கூலியான தந்தை. இவர்களின் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், புதுவை ஜிப்மருக்கோ சென்னைக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் நடையாய் நடக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. துணைக்குப் போனவரின் கூலி இழப்பையும், ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையின் சாப்பாட்டையும் யார் ஏற்பது? மகளிர் கட்டணமில்லாப் பயணம் பெரும்பாலும் நகரப் பேருந்துகளுக்குத்தான். தொலைதூரப் பேருந்தில் காசு கொடுத்தாக வேண்டும். சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்கவும் முடியாது. வாடகைக் காருக்கு அந்த நேரத்தில் கையில் பணம் வேண்டும்.

சில மாதங்களில் உதிர்ந்த முடி வளர்ந்து, பிள்ளை தெருவில் விளையாடத் தொடங்கும். “நல்லாத்தானே இருக்கான்” என்ற எண்ணத்தோடு கடனும் சேர்ந்துகொள்ள, அடுத்த தவணைக்குப் போவது நின்றுவிடும். நோய் திரும்பி வந்தால் அதை வெல்வது முன்பைவிடக் கடினம்.

ஓடியவர்கள் காட்டிய வழி

எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடினார். அவர் பெயரால் இன்றும் நடக்கும் ஓட்டங்களில் பரிசும் இல்லை, வென்றவரும் இல்லை. இலங்கையில் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 2011இல், தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு குழு நடந்து சென்று, யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைய நிதி திரட்டியது. பணம் எதற்கு என்பது முதல் அடி எடுத்துவைக்கும் முன்பே முடிவாகியிருந்தது.

வடலூருக்கு அதைவிடப் பழைய பாடம் ஒன்று உண்டு. வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியை ஒரு பிணியாகவே கண்டவர் அவர். தைப்பூசத்துக்குத் திரளும் கூட்டத்துக்காக மட்டும் அந்த அடுப்பு எரிந்திருந்தால், மற்ற நாட்களில் வருவோர் பசியோடு திரும்பியிருப்பார்கள். அன்றாடம் வந்துசேரும் அரிசியும் காய்கறியும்தான் அந்த அறத்தைத் தாங்குகின்றன.

கணக்கு எதில்?

எனவே, வடலூரிலிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ ஓட்டம் நடத்தினால், திரளும் தொகையை 36 மாதங்களுக்குப் பிரித்துவைக்க வேண்டும். எத்தனை குடும்பங்களை மூன்றாண்டும் தாங்க முடியுமோ அத்தனையை மட்டும் ஏற்கலாம்: மாதப் பயணப்படி, மருத்துவமனை அருகே வாடகை அறை, அவசரக் காருக்குத் தனி நிதி. தவணை நாளில் வராத குடும்பத்தை மறுநாளே அழைத்து விசாரிக்க ஓர் ஊழியர் தேவை. கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டும்: விடாத காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு, கண்மணியில் வெள்ளை ஒளிர்வு, வயிற்றில் கட்டி. டி-ஷர்ட், மெடல், மேடைச் செலவுகள் நன்கொடையைத் தொடக் கூடாது. எந்தக் குழந்தையின் படமும் பேனரில் ஏறக் கூடாது. ஆண்டறிக்கையின் முதல் வரி, எத்தனை பேர் ஓடினார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பிள்ளைகள் சிகிச்சையை முடித்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அரசின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான், முன்மாதிரியும் இருக்கிறது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளிக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதை அரசு ஏற்றிருக்கிறது என்பதே இதன் பொருள். புற்றுநோயுள்ள குழந்தையின் குடும்பத்துக்கும் மாத உதவித்தொகை கேட்பது அதே நியாயத்தின் நீட்சி. ஓட்டத்தால் தாங்கப்படும் சில குடும்பங்களின் மூன்றாண்டுக் கணக்கு, அந்தக் கோரிக்கைக்கு வலுவான சான்றாகும். கொடியசைக்க வரும் அமைச்சரிடம் அந்தக் கணக்கையும் கொடுத்தனுப்ப வேண்டும்.