முப்பது சட்டை, முதுகில் 13

ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரர் ஆயுசில் எத்தனை கிளப்புக்கு ஆடலாம்? மூன்று, நாலு என்றால் நியாயம். ஏழெட்டு என்றால், 'ஆசாமி எங்கேயும் ஒட்டமாட்டார் போலிருக்கிறதே' என்று முணுமுணுப்பார்கள். உருகுவே நாட்டு செபாஸ்தியான் அப்ரேயு முப்பதைத் தாண்டினார். பதினோரு நாடுகளில்!

ஆறடி நாலங்குலம். பெரும்பாலும் முதுகில் 13-ம் நம்பர். பட்டப் பெயர் 'எல் லோகோ', அதாவது கிறுக்கன். தொண்ணூறுகளின் நடுவில் சொந்த நாட்டு டிஃபென்ஸர் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஆரம்பித்தவர், 2021-ல் 44 வயதில்தான் பூட்ஸைக் கழற்றினார். 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் கையெழுத்துப் போட்டபோது அது அவருக்கு 26-வது கிளப். அதுவரை 25 கிளப்போடு முன்னால் நின்றவர் ஒரு ஜெர்மன் கோல்கீப்பர். கின்னஸ்காரர்கள் சர்டிபிகேட் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, 'அடுத்த ஊர் எது?' என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

கிறுக்கு பிடித்துத்தான் இப்படி அலைந்தார் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1998-ல் இவரை ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யா விலைக்கு வாங்கியது. கொஞ்ச நாள் ஆடவிட்டுப் பார்த்தார்கள். கோல் மழை பொழியவில்லை. உடனே 'லோன்' என்று ஒன்று. பாங்க் லோன் இல்லை ஸார். பக்கத்து வீட்டு மாமி இட்லிப் பானையை இரவல் வாங்கிக்கொண்டு போவாளே, அந்த மாதிரி. பானை யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. வேகிறது மட்டும் வேறு வீட்டு இட்லி. பிரேசிலின் க்ரேமியோ, மெக்ஸிகோவின் டெக்கோஸ், அர்ஜென்டினாவின் சான் லொரென்ஸோ என்று பானை வீடு வீடாகப் போயிற்று. 2000-ல் டெபோர்ட்டிவோ சரித்திரத்தில் முதல் முறையாக ஸ்பெயின் லீக் சாம்பியன் ஆனபோது, பானை வீட்டில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வருஷத்துக்கு இரண்டு சாம்பியன்ஷிப். ஐந்தாறு மாதத்தில் ஒன்று முடிந்துவிடும். கப் வரவில்லை என்றால் முதலில் கோச்சை மாற்றுவார்கள், அப்புறம் ஸ்ட்ரைக்கரை. கோல் அடிக்கிறவனுக்கு எங்கேயும் கிராக்கி; ஆனால் அந்தக் கிராக்கி அடுத்த ஆறு மாதத்துக்குத்தான். புது ஊர், புது வீடு, புது சாப்பாடு, புது டிஃபெண்டர்கள். ராசியானவுடன் மறுபடி மூட்டை கட்டு!

இத்தனைக்கும் ஆட்டம் மட்டமில்லை. மெக்ஸிகோவில் 2002 கோடை சாம்பியன்ஷிப்பில் க்ரூஸ் அஸுலுக்காக 19 கோல். அந்தப் போட்டியில் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. பிறகு அதே நாட்டில் டொராடோஸ் என்ற சின்ன கிளப். 2006-ல் அங்கே இவரோடு சேர்ந்து ஆடியவர் யார் தெரியுமோ? பெப் கார்டியோலா! ஆட்டக்காரராக அவருக்கு அது கடைசிப் புகலிடம். அந்த சீசனில் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர்களில் அப்ரேயு ஒருவர். டொராடோஸோ கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அங்கே அப்போது ஒரு சீசனை மட்டும் பார்க்கவில்லை, சராசரி போட்டுத்தான் இறக்கினார்கள். பையன் கிளாஸில் முதல் ரேங்க். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள்! வேறு பள்ளிக்கூடம் தேடாமல் என்ன செய்வான்?

அதற்குப் பின் ரிவர் பிளேட்டில் 2008-ல் அர்ஜென்டினா பட்டம், ஜெருசலேமில் கொஞ்ச மாதம், ஸ்பெயினில் இரண்டாம் டிவிஷன், கிரீஸ் எல்லாம் சுற்றிவிட்டு 2010-ல் ரியோவின் போட்டஃபோகோவுக்கு வந்து சேர்ந்தார். 13-ம் நம்பர் ராசி என்று பிடிவாதம் பிடித்த ஸகாலோ ஆடிய கிளப் அது. முந்தைய மூன்று வருஷமும் ரியோ பட்டத்தின் ஃபைனலில் ஃப்ளமெங்கோவிடம் தோற்று நொந்துபோயிருந்தார்கள். அந்த ஏப்ரலில் மரகானா ஸ்டேடியத்தில் அதே ஃப்ளமெங்கோ. அப்ரேயுவுக்கு ஒரு பெனால்ட்டி. ஓடி வந்து ஓங்கி உதைக்கிற மாதிரி பாவனை பண்ணி, பந்தின் அடியில் மெல்லத் தட்டினார். கோல்கீப்பர் விழுந்தாகிவிட்டது, பந்து நிதானமாக நடு கோலில் இறங்கியது. பட்டம் போட்டஃபோகோவுக்கு!

இந்த உதைக்குப் பெயர் பனேன்கா. 1976 ஜூனில், ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் செக்கோஸ்லோவாகியாவின் பனேன்கா செய்து காட்டியது. அதே வருஷம் அக்டோபரில்தான் அப்ரேயு பிறந்தார். காத்திருந்து பிறந்தாரோ என்னவோ.

மரகானா முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜோஹானஸ்பர்க், உலகக் கோப்பை கால் இறுதி, எதிரே கானா. கடைசி நிமிஷத்தில் ஸுவாரஸ் கையால் பந்தைத் தடுத்து வெளியேற, கியான் பெனால்ட்டியை பாரில் அடித்த அதே மாட்ச். பெனால்ட்டி ஷூட்அவுட்டில் உருகுவேயின் ஐந்தாவது உதை அப்ரேயுவுக்கு. போட்டால் செமி ஃபைனல். நாற்பது வருஷமாக அந்த நாடு எட்டிப் பார்க்காத இடம். எந்த மனுஷனும் மூலையைப் பார்த்துப் பத்திரமாக உதைப்பான். இவர் மறுபடி அதே மெல்லிய தட்டு! கோல்கீப்பர் ஒரு பக்கம் பறக்க, பந்து நடுவில் போய் உட்கார்ந்தது.

தவறியிருந்தால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முன்பின் தெரியாத கூட்டத்தின் எதிரே நின்று 'நான் யார் தெரியுமா' என்று முதலிலிருந்து நிரூபித்துக்கொண்டே வந்தவனுக்கு, இன்னுமொரு கூட்டம், இன்னுமொரு கோல்கீப்பர், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நட்சத்திரங்களுக்கு அந்தத் துணிச்சல் வருமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஒட்டாத ஆசாமி என்ற பேச்சுக்கும் வருவோம். மான்டிவிடியோவின் நாசியோனால் கிளப் மீது அவருக்குத் தீராத பாசம். 2001-ல் அங்கே சாம்பியன். அதற்கப்புறமும் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பத் திரும்ப அங்கே வந்து நின்றார். புறப்பட்டுப் போன மாப்பிள்ளை குடையை மறந்துவிட்டேன் என்று மாமியார் வீட்டுக்குத் திரும்பி வருவாரே, அப்படி.

ஓய்வுக்கு அப்புறமாவது உட்கார்ந்தாரா? கோச் ஆனார். பெருவில் ஒரு கிளப், மெக்ஸிகோவில் இன்னொரு கிளப்...