கல்லாவுக்குப் பூட்டு போடுறோம், கணக்குக்கு ஏன் போடல?



வழக்கமா மியூச்சுவல் ஃபண்டு, இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசற இடத்துல இன்னைக்கு ரூட்டரைப் பத்திப் பேசப் போறேன். "இது டெக் சேனல் வேலையாச்சே"ன்னு நினைக்காதீங்க. இது முழுக்க முழுக்கப் பண விஷயம்தான்.

ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியில என் சித்தப்பா ஒருத்தர் நைட்டி தைக்கிற யூனிட் வெச்சிருக்கார். தளவாய்புரம், செட்டியார்பட்டி சுத்துவட்டாரத்துல நைட்டித் தொழில் எவ்வளவு பேருக்குச் சோறு போடுதுன்னு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். சரக்கு வெளியூர் போகும், பணம் மெதுவாத்தான் வரும். பாதி வியாபாரம் கடன்லதான் ஓடும்.

அவரோட கணக்கு மொத்தமும் ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல, டேலில இருந்துச்சு. கணக்கு எழுதறவர் ராஜபாளையத்துல இருந்து வாரம் ரெண்டு நாள் வருவார். மாசா மாசம் ரிட்டர்ன் போடறவங்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. அந்த நாள் நெருங்கினா "நான் வீட்டுல இருந்தே பார்த்துடறேனே"ன்னு கேட்பார். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் வந்து, ரூட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யற மாதிரி பண்ணிட்டுப் போயிட்டான். அஞ்சு நிமிஷ வேலை, செலவே இல்ல. எல்லாருக்கும் சந்தோஷம்.

சில மாசம் கழிச்சு ஒரு திங்கட்கிழமை காலையில திறந்து பார்த்தா எல்லா ஃபைலும் பூட்டிக் கிடக்கு. பணம் கேட்டு ஒரு மிரட்டல் குறிப்பு. பேக்கப் எடுத்த பென்டிரைவும் அதே கம்ப்யூட்டர்லயே சொருகி இருந்ததால அதுவும் போச்சு.

"துணி போயிருந்தா திரும்பத் தைச்சுருவேன்பா. யாரு எவ்வளவு தரணும்ங்கிறது போச்சே"ன்னார் சித்தப்பா.

அந்த ஒரு வரியிலதான் இந்தப் பதிவே இருக்கு. ஜிஎஸ்டி நம்பர் உள்ள கடைகளுக்குப் போட்ட பில் ஜிஎஸ்டி தளத்துல கிடைச்சுது. பேங்க் வழியா வந்த பணம் ஸ்டேட்மென்ட்ல கிடைச்சுது. ஆனா கையில வாங்கின ரொக்கம், திரும்பி வந்த சரக்கு, ஜிஎஸ்டி நம்பர் இல்லாத சின்ன கடைக்காரங்க பாக்கி, இதெல்லாம் எங்கேயும் இல்ல. "நான்தான் அப்பவே குடுத்துட்டேனே அண்ணாச்சி"ன்னு ஒருத்தர் சொன்னா, இல்லன்னு சொல்ல கையில காகிதம் கிடையாது. வரவேண்டிய பாக்கிங்கிறது ஒரு சொத்து. அந்தச் சொத்துக்குப் பத்திரம் அந்தக் கணக்குதான்.

தப்பு எங்க நடந்துச்சு?

ரிமோட் டெஸ்க்டாப்போட வழக்கமான போர்ட் நம்பர் 3389. அதை ரூட்டர்ல திறந்து விட்டா, கணக்குப்பிள்ளை மட்டும் வர்ற வழி இல்ல அது. உலகத்துல யார் வேணும்னாலும் வந்து கதவைத் தட்டலாம். திறந்த கதவைத் தேடறதுக்குன்னே இன்டர்நெட்ல ராத்திரி பகலா தானியங்கி புரோகிராம்கள் சுத்திட்டே இருக்கும். செட்டியார்பட்டில இருக்கிற சின்ன யூனிட்டை யார் கண்டா, அவங்களுக்கு ஊர் பேரே தேவையில்ல. பாஸ்வேர்டு சுலபமா இருந்தா முடிஞ்சுது கதை.

விபிஎன்ங்கிறது இதுக்கு நேர் எதிர். வெளியில இருந்து ஆபீஸுக்கு வர்றதுக்கு, சாவி உள்ளவங்க மட்டும் நுழையற ஒரு தனி வழி. அந்த வழியில உள்ள வந்தப்புறம்தான் ரிமோட் டெஸ்க்டாப்பே கண்ணுக்குத் தெரியும். வெளியில நிக்கிறவனுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

செலவு எவ்வளவு?

என் கருத்து இதுதான்: மாச வாடகைக்கு எதையாவது வாங்கறதுக்கு முன்னாடி, உங்க ஆபீஸ்ல ஏற்கெனவே இருக்கிற ரூட்டரைத் திறந்து பாருங்க. இன்னைக்கு வர்ற பல ரூட்டர்கள்லயே விபிஎன் சர்வர் இருக்கு. காசு குடுத்து வாங்கின வசதி, யாரும் தொடாமக் கிடக்கு. மாசம் 1,000 ரூபாய் வாடகைன்னு வெச்சுக்கோங்க. 5 வருஷத்துல 60,000. அது இருந்தா இன்னொரு தையல் மெஷின் வாங்கலாம்.

ரூட்டர் பக்கத்துல விபிஎன்னு தேடினா மூணு பேர் வரலாம். பிபிடிபின்னு இருந்தா தொடாதீங்க. அது 1990-கள்ல வந்தது. அதோட பாதுகாப்பை உடைக்க முடியும்னு 2012-லயே காட்டிட்டாங்க. ஓபன்விபிஎன், வயர்கார்டு ரெண்டுல எது இருந்தாலும் நல்லது. ரூட்டர்ல அதை ஆன் பண்ணி, ஒரு சின்ன ஃபைலை டவுன்லோடு பண்ணி, வீட்டு லேப்டாப்லயோ போன்லயோ அதே பேர்ல இருக்கிற இலவச ஆப்ல ஏத்தணும். கனெக்ட் பட்டனை அழுத்தணும். அவ்வளவுதான்.

ஆனா மாட்டிக்கிற இடம் நாலு

ஒண்ணு, பப்ளிக் ஐபி. ரூட்டர்ல காட்டற வேன் ஐபியையும், "என் ஐபி என்ன"ன்னு கூகுள்ல தேடினா வர்ற ஐபியையும் ஒத்துப் பாருங்க. ஃபைபர் பெட்டி தனியா, ரூட்டர் தனியா இருந்தா ஃபைபர் பெட்டியோட பக்கத்துல பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா, ஒரே ஐபிக்குப் பின்னாடி உங்களை மாதிரி பல பேரை உட்கார வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். வெளியில இருந்து உங்க ரூட்டரை நேராத் தொட முடியாது. நெட் கம்பெனிக்குப் போன் பண்ணி ஸ்டேட்டிக் ஐபிக்கு என்ன கட்டணம்னு கேளுங்க. கட்டுப்படியாகலன்னா டெயில்ஸ்கேல் மாதிரி, பப்ளிக் ஐபி இல்லாமலே வேலை செய்யற சேவைகள் இருக்கு. வியாபாரத்துக்கு எந்தத் திட்டம்னு பார்த்து எடுங்க.

ரெண்டு, ஒரே முகவரி. வீட்டு ரூட்டரும் ஆபீஸ் ரூட்டரும் 192.168.1-னு ஒரே வரிசையில இருந்தா, விபிஎன் கனெக்ட் ஆகும், ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடைக்காது. பல பேர் இங்கதான் வெறுத்துப் போய் விட்டுடறாங்க. ஆபீஸ் ரூட்டரை 192.168.57 மாதிரி ஒரு வரிசைக்கு மாத்திடுங்க. நெட்வொர்க் பிரின்டர் இருந்தா அதையும் சேர்த்து மாத்தணும்.

மூணு, விண்டோஸ். ஹோம் பதிப்புக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் வழியா நுழைய முடியாது, புரோ வேணும். இந்தச் செலவை முதல்லயே கணக்குல எடுத்துக்கோங்க. ஒருத்தர் வெளியில இருந்து உள்ள வந்தா, ஆபீஸ்ல அதே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் திரை பூட்டிக்கும். நேரத்தைப் பிரிச்சுக்கணும்.

நாலு, டேலி டேட்டா ஃபோல்டரை விபிஎன் வழியா வீட்டுல இருந்து நேராத் திறக்காதீங்க. ஆமை மாதிரி நகரும். நடுவுல கரண்ட் போனா டேட்டாவே கெட்டுப் போகலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையை வீட்டுல இருந்து பார்க்கிறதுதான் சரி.

"விபிஎன் சட்டப்படி தப்பில்லையா?"

2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் போட்ட உத்தரவுல இருந்து பல பேருக்கு இந்தச் சந்தேகம். அது, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விக்கிற கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு சொல்லுது. நிறுவனங்கள் தங்களோட சொந்த வேலைக்கு வெச்சிருக்கிற விபிஎன்னுக்கு அது பொருந்தாதுன்னு அவங்களே விளக்கம் குடுத்திருக்காங்க. உங்க ஆபீஸுக்கு நீங்க போற வழியை நீங்க பூட்டி வெக்கிறதுல ஒரு தப்பும் இல்ல.

கிளவுடு வேண்டாம்னு நான் சொல்லல. மூணு ஊர்ல கிளை, அஞ்சாறு பேர் ஒரே நேரத்துல பில் போடணும்னா அதுதான் சரி. ஒரு முதலாளி, ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு கம்ப்யூட்டர்ங்கிற இடத்துக்குச் சொந்த ரூட்டரே போதும்ங்கிறேன்.

அப்புறம், விபிஎன் வெறும் பூட்டுதான், இரும்புப் பெட்டி இல்ல. பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போங்க. ஆளுக்கு ஒரு தனி சாவி குடுங்க. வேலையை விட்டுப் போனவங்க சாவியை அன்னைக்கே ரத்து பண்ணுங்க. ரூட்டரோட அட்மின் பாஸ்வேர்டு, மாட்டிட்டுப் போன பையன்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது, உங்ககிட்டயும் இருக்கணும்.

சித்தப்பா இப்போ விபிஎன் வழியாத்தான் கணக்கு பார்க்கிறார். போன பாக்கியில வந்தது வந்துச்சு, வராதது வராமலே போச்சு. கடைசியா அவர் எவ்வளவு விட்டார்னு நான் கேட்கல. கேட்கவும் மனசு வரல.

இன்னைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ரூட்டர் பக்கத்துக்குப் போய், போர்ட் ஃபார்வர்டிங்ல 3389 இருக்கான்னு பாருங்க. இருந்தா முதல்ல அதை மூடுங்க. மத்த செட்டிங்கை ஒவ்வொண்ணா அடுத்த வீடியோல செஞ்சு காட்டறேன்.